நாற்பது வயதுக் கண்ணும் நாலு வயதுக் கண்ணும்

நமது சங்க அங்கத்தினர்களுள் நாற்பது வயதைக் கடந்த நெசவாளர் எவரையேனும் விசாரித்தால் ஒரு செய்தி தப்பாமல் வெளிவரும். பகல் வெளிச்சத்தில் நெய்ய முடிகிறது. விளக்கு வைத்த பிறகு இழை தெரிவதில்லை. அறுந்த பாவிழையைத் தேடி எடுத்து, விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் நுழைத்து முடிபோட முன்பு ஒரு நிமிஷம் ஆயிற்று. இப்பொழுது ஐந்து நிமிஷம் ஆகிறது. 100-ஆம் நம்பர் நூலை விட்டுவிட்டு 40-ஆம் நம்பருக்கு இறங்கிவிடலாமா என்ற யோசனையும் வந்துவிடுகிறது. நூல் நம்பர் இறங்கினால் கூலியும் இறங்கும் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நெசவாளர் வீடுகளில் தொன்றுதொட்டு நடந்துவரும் பரிகாரம் ஒன்று உண்டு. பிள்ளையைக் கூப்பிட்டு, “இந்த இழை எந்தப் பல்லில் போகிறது, பார்” என்று தறியண்டை உட்கார்த்துவதே அது. தகப்பனார் தமது கண்ணுக்குப் பதிலாகப் பிள்ளையின் கண்ணைக் கைமாற்றாக வாங்குகிறார். முதலில் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அரைமணி நேரம். பிறகு புதுப்பாவு பிணைக்கும் நாட்களில் ஒரு நாள் லீவு. அப்புறம் வருகைப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே உள்ள கட்டங்கள் காலியாகத் தொடங்குகின்றன. இவ்வளவும் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மூக்குக் கண்ணாடியால் தவிர்க்கப்படக்கூடியது என்பதால்தான் இக்கட்டுரையை எழுத நேர்ந்தது.

நாற்பது வயதில் கண்ணுக்கு என்ன நேருகிறது என்பதை முதலில் பார்ப்போம். கருவிழியின் நடுவே பாவை என்னும் துவாரம் இருக்கிறது. அதற்குப் பின்னால் பளிங்குபோலத் தெளிந்த ஒரு வில்லை தொங்குகிறது. தூரத்தில் உள்ளதைப் பார்க்கும்பொழுது இவ்வில்லை தட்டையாக இருக்கும். கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்பொழுது அதைச் சுற்றியுள்ள தசை சுருங்கி வில்லையைப் புடைக்கச் செய்யும். இளம் வயதில் இவ்வில்லை மிருதுவானது. நினைத்த மாத்திரத்தில் புடைக்கும், தட்டையாகும். வயது ஏற ஏற அது இறுகிக்கொண்டே வருகிறது. நாற்பது, நாற்பத்தைந்தில் கைக்கெட்டும் தூரத்துப் பொருளுக்கு வேண்டிய அளவு புடைக்க இயலாமற் போகிறது. அறுபதில் அச்சக்தி ஏறக்குறைய அற்றுவிடுகிறது. தலை நரைப்பது எப்படியோ அப்படியே இதுவும். நோயும் அன்று, குடும்ப தோஷமும் அன்று. ஆலையில் உத்தியோகம் பார்ப்பவருக்கும் வரும், வயலில் ஏர் பிடிப்பவருக்கும் வரும். ஆனால் ஏர் பிடிப்பவர் அதை ஐந்தாறு வருஷம் உணராமலே இருந்துவிடலாம். நெசவாளருக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும்.

இதை வெள்ளெழுத்து என்கிறோம். பழைய தமிழ் வழக்கில் சாளேசரம் என்றும் சொல்வது உண்டு. நாற்பது என்னும் பொருளுள்ள இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து வந்தது அது. தெலுங்கு பேசும் நமது நெசவாளர் குடும்பங்களில் இன்றும் ‘சத்வாரம்’ என்பார்கள். அதுவும் நாற்பதைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் திரிபே. எந்த வயதில் இது வரும் என்பதை நம் முன்னோர் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். இருந்தும் அது வரும்பொழுது ஒவ்வொருவரும் தமக்கு மட்டும் ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதாகவே கலங்குகிறோம்.

பகலில் தெரிந்த இழை விளக்கில் ஏன் தெரிவதில்லை? வெளிச்சம் மிகுந்தால் பாவை சுருங்குகிறது. சிறு துவாரத்தின் வழியே பார்க்கும்பொழுது மங்கல் குறையும். வெளிச்சம் குறைந்து பாவை விரிந்தால் மங்கல் கூடும். ஆகவே தறிமேடையில் விளக்கைக் கண்ணுக்கு எதிரே கூசும்படி மாட்டாமல், பக்கவாட்டிலிருந்து துணியின்மீது விழும்படி அமைத்துக்கொண்டால் ஆரம்ப காலத்தில் ஓரளவு சமாளிக்கலாம். அது சில வருஷங்களுக்கே போதும். அதன்பின் கண்ணாடிதான் வழி.

இவ்விடத்தில் எங்கள் சங்கத்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஜரிகைக் கரை வேஷ்டி நெய்வதில் கைதேர்ந்த அங்கத்தினர் ஒருவர், பெயர் வேண்டாம். அவர் கொண்டுவரும் துணியில் இழை விட்ட இடங்களும் கரைப் பிசகுகளும் தென்படலாயின. துணி சரிபார்க்கும்பொழுது கூலியில் பிடித்தம் விழுந்தது. முதலில் நூலைக் குறை சொன்னார். பிறகு அச்சைக் குறை சொன்னார். கடைசியில் தறியைப் பிரித்துவிடப் போவதாகச் சொன்னார். நாங்கள் வற்புறுத்தி ஒரு கண் சிகிச்சை முகாமுக்கு அனுப்பி வைத்தோம். கண்ணாடி கிடைத்தது. ஒரு வாரம் கழித்து அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். “காரியதரிசி ஐயா, இது பத்திரிகை படிக்கத்தான் ஆகும். தறிக்கு ஆகாது. துணி புகைந்து தெரிகிறது” என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. கண்ணாடியிலும் பிழை இல்லை. முகாமில் அவர் கையில் எழுத்து அட்டையைக் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். படிக்கும் அட்டையைக் கண்ணுக்கு ஒன்றேகால் அடி தூரத்தில் பிடிக்கிறோம். தறியில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் அவர் நெய்யும் துணிக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு அடி இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே கண்ணாடி பொருந்துமா?

இதன் கணக்கு மிகவும் சுலபமானது. கண்ணாடியின் சக்தியை டயாப்டர் என்னும் அளவால் குறிக்கிறார்கள். நாம் ‘பவர்’ என்று சொல்வது இதையே. நூறு சென்டிமீட்டரை வேலைத் தூரத்தால் வகுத்தால் அத்தூரத்துக்கு வேண்டிய சக்தி கிடைக்கும். 40 சென்டிமீட்டர் தூரத்துக்கு 2.5, 50 சென்டிமீட்டருக்கு 2, 60 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.7. தூரப்பார்வை தெளிவாக உள்ள அறுபது வயதுக்காரருக்குக் கண்ணின் சொந்த சக்தி ஏதும் மிச்சமில்லை, ஆகவே 2.5 உள்ள கண்ணாடி போட்டால் 40 சென்டிமீட்டரில் தெளிவாகவும், 60 சென்டிமீட்டரில் மங்கலாகவும் தெரியும். நாற்பத்தைந்து வயதுக்காரருக்குச் சொந்த சக்தி கொஞ்சம் மீதி இருப்பதால் 1 அல்லது 1.25 போதுமானதாக இருக்கும். எவ்வளவு என்று சோதித்துச் சொல்ல வேண்டியவர் கண் பரிசோதகர். எவ்வளவு தூரம் என்று சொல்ல வேண்டியவர் நெசவாளர்.

அந்த அங்கத்தினரை மறுபடி அனுப்பும்பொழுது ஒரு யுக்தி செய்தோம். அவரைத் தறியில் வழக்கம்போல் உட்காரச் செய்து, ஒரு நூலின் நுனியை அவருடைய கண்ணோரத்தில் பிடித்து, மறுபுறம் நாடா ஓடும் இடத்தில் துணியைத் தொடும்படி இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டோம். அந்த நூலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். பரிசோதகரிடம் நூலை நீட்டி, “எனக்கு இவ்வளவு தூரத்தில் தெரிய வேண்டும்” என்றார். அவ்வளவுதான். தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கத்தினர்கள் கண் பரிசோதனைக்குச் செல்லும்பொழுது அவரவர் தறிக்கு அளந்த முடிச்சு நூல் ஒன்றை எடுத்துச் செல்வது நலம். குழித்தறிக்கும் மேடைத்தறிக்கும் உயரம் மாறும், தூரமும் மாறும். தார் சுற்றும் பெண்கள், ஜக்கார்டு அட்டை குத்துபவர்கள், புதுப்பாவு பிணைப்பவர்கள் ஆகியோருக்கும் தூரம் வெவ்வேறு.

மேலும் கீழும் இரண்டு சக்தி வைத்த இரட்டைக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் கீழ்ப்பாதி கிட்டத்தில் உள்ளதைப் பார்ப்பதற்கானது. அதைப் போட்டுக்கொண்டு வரப்பின்மேல் நடந்தால் கால் வைக்கும் இடம் மங்கலாகத் தெரியும்; படி இறங்கும்பொழுதும் அப்படியே. தறிக்கென்று ஒரே சக்தியுள்ள தனிக் கண்ணாடி வைத்துக்கொண்டு, எழுந்திருக்கும்பொழுது கழற்றி வைப்பதே நமது தொழிலுக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

கண்ணாடி போட்டால் வருமானம் உயருமா என்று கணக்குக் கேட்கும் அங்கத்தினர்கள் உண்டு. கேட்க வேண்டியதுதான். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரைக் கொண்டு 2017-ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்குச் சோதனை முடிந்த பிறகு கொடுத்தார்கள். அவரவர் பறித்த கொழுந்தின் எடையை நாள்தோறும் குறித்தார்கள். கண்ணாடி பெற்றவர்களின் வேலைத்திறன் மற்றவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய 22 சதவீதம் அதிகமாயிற்று. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் இவ்வுயர்வு இன்னும் மிகுதி. வங்காள தேசத்தில் நடந்த மற்றொரு சோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. தேயிலை பறிப்போர், நெசவாளர், தையல்காரர் முதலிய 824 பேர் அதில் இருந்தார்கள். கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் எட்டு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடியது. பெறாதவர்களின் வருமானம் இருந்த இடத்திலேயே இருந்தது. கொழுந்து பறிப்பதைவிட இழை பிணைப்பது நுண்ணிய வேலை என்பதை அங்கத்தினர்கள் தாங்களே சீர்தூக்கிக்கொள்ளலாம்.

கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும், ‘பவர்’ ஏறிக்கொண்டே போகும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. ‘பவர்’ ஏறுவது வில்லை மேலும் இறுகுவதால். கண்ணாடி போடாவிட்டாலும் அது இறுகத்தான் செய்யும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை அவசியம். நாற்பதுக்கு மேல் பார்வை மங்குவதெல்லாம் வெள்ளெழுத்தே என்று எண்ணிக் கடையில் ஆயத்தமாக விற்கும் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு திருப்தியடைவது அபாயம். அக்கண்ணாடி பலருக்குப் போதும் என்பது உண்மைதான். எனினும் அதற்கு முன் ஒருமுறையேனும் கண் முழுவதையும் வைத்தியரிடம் காட்டிவிட வேண்டும். கண்ணின் உள் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய் ஒன்று உண்டு. அதில் வலி தெரிவதில்லை. நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். பக்கப்பார்வை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வரும். போன பார்வையை எந்தக் கண்ணாடியும், எந்த அறுவையும் மீட்டுத் தராது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கசிந்து கெடுகின்றன. அதுவும் ஆரம்பத்தில் தெரியாது. நீரிழிவுக்காரர் வருஷம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தறியில் உட்கார்ந்தே இருக்கும் நம்மவர்களுள் நீரிழிவுக்காரர் எத்தனை பேர் என்பதை ஒவ்வொரு தெருவும் அறியும்.

கண்புரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு சொன்ன அதே வில்லை பழுப்பேறி மங்குவதுதான் அது. சொட்டு மருந்தாலோ தழைச்சாற்றாலோ கரையாது. “முற்றட்டும், பிறகு எடுக்கலாம்” என்பது பழைய காலத்து முறைக்கு ஏற்ற பேச்சு. இலண்டனில் டாக்டர் ஹரால்டு ரிட்லி என்பவர் 1949-இல் முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை வில்லையைப் பொருத்தினார். நெடுங்காலம் விலை மிகுந்திருந்த அவ்வில்லையை, டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலாப் 1992 முதல் மலிவாகத் தயாரிக்கத் தொடங்கியது. சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் இவ்வறுவை இலவசமாகச் செய்யப்படுகிறது. வேலைக்கு இடைஞ்சலாகப் பார்வை மங்கினால் போதும். முற்றும் வரையில் காத்திருக்க வேண்டாம். செயற்கை வில்லை புடைக்கும் சக்தி அற்றது. தூரப் பார்வைக்கே அதைப் பொருத்துவது வழக்கம். ஆகவே அறுவைக்குப் பிறகும் தறிக்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். அறுவை பழுதாகிவிட்டது என்று மனம் உடைய வேண்டாம்.

விவசாய அங்கத்தினர்களுக்கு வரும் பெரிய ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. களத்தில் தூற்றும்பொழுது நெல் உமி தெறிக்கிறது. கரும்புத் தோகையின் விளிம்பு கண்ணைக் கீறுகிறது. கீறல் சிறியது, ஆனால் தழையிலும் மண்ணிலும் உள்ள காளான் கிருமி அதன் வழியே கருவிழிக்குள் இறங்கிவிடும். மதுரையில் 1994-இன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. பாதிக்கு மேற்பட்டோர் விவசாய வேலை செய்பவர்கள். இப்புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும்; அதன் வழியே ஒளி புகாது. கண்ணில் தூசி விழுந்தால் சுத்தமான நீரால் கழுவலாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால், இலைச்சாறு எதையும் விடலாகாது. நாக்கால் எடுக்கவும் விடக்கூடாது. சென்ற தடவை வாங்கி மீதியிருக்கும் சொட்டு மருந்தை விடுவது இவை எல்லாவற்றிலும் கொடியது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் காளானுக்கு உரமிட்டதாகும். உறுத்தலும் சிவப்பும் இருந்தால் அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். அறுவடையை நாளை மறுநாள் முடிக்கலாம்.

இனிப் பிள்ளைகளுக்கு வருவோம். இழை தேடுவதற்காகத் தகப்பனார் கூப்பிடும் அந்தப் பிள்ளையின் கண் சரியாக இருக்கிறது என்று யார் சொன்னது? கிட்டத்தில் இழை தெரிவதாலேயே அது நல்ல கண் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கிட்டப்பார்வையுள்ள பிள்ளைக்கு இழை வெகு அழகாகத் தெரியும். பள்ளிக்கூடத்துக் கரும்பலகைதான் தெரியாது. வளர்ந்தவரின் விழி முன்னிருந்து பின் வரை ஏறக்குறைய 24 மில்லிமீட்டர் நீளமுள்ளது. அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்துவிட்டால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்பாகவே விழுந்துவிடும். இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை குழிவில்லைக் கண்ணாடி தேவைப்படும். அப்பிள்ளைக்கு மரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரியும் என்பதே தெரியாது. எல்லோருக்கும் பச்சைக் குவியலாகத்தான் தெரியும் என்று நினைத்திருக்கும். ஆகவே அது முறையிடாது. மந்தம், கவனமில்லை என்று ஆசிரியர் எழுதி அனுப்புவார். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வெட்டவெளி வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று கண்டிருக்கிறார்கள். இருண்ட தறிக்கூடத்தில் மாலைப்பொழுதைக் கழிக்கும் பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேரம் எங்கே கிடைக்கும்?

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. நாற்பதில் கண்ணாடி போட வேண்டியவர் ஐம்பதில் போட்டாலும் அன்றே பார்வை தெளியும். பத்து வருஷக் கூலி நஷ்டமே தவிரக் கண்ணுக்கு நஷ்டமில்லை. குழந்தையின் நிலைமை அப்படியன்று. குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வது முதல் ஏழெட்டு வருஷங்களில். ஒரு கண்ணில் மட்டும் ‘பவர்’ மிகுந்திருந்தாலும், ஒரு கண் மாறுகண்ணாக இருந்தாலும், மூளை அக்கண்ணின் மங்கலான செய்தியை ஒதுக்கிவிட்டு மற்றக் கண்ணையே நம்பிக்கொள்ளும். ஒதுக்கப்பட்ட கண் சோம்பற்கண்ணாகிவிடும். நாலு வயதில் கண்டுபிடித்தால் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினம் சில மணி நேரம் ஒட்டி மூடி, சோம்பிய கண்ணை வேலை வாங்கிப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். பதினைந்து வயதில் கண்டுபிடித்தால் எவ்வளவு விலை கொடுத்துக் கண்ணாடி வாங்கினாலும் முழுப் பார்வை வருவது அரிது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லி விட்டுவிடும் வழக்கம் எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு கண்ணைப் போக்கியிருக்கிறது!

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. விளையாட்டுப் போலக் குழந்தையின் ஒரு கண்ணைக் கையால் மூடிப் பாருங்கள்; பிறகு மற்றக் கண்ணை மூடுங்கள். ஒரு கண்ணை மூடும்பொழுது மட்டும் கையைத் தட்டிவிட்டு அழுதால், மூடப்பட்டதே அதன் நல்ல கண் என்று சந்தேகிக்க வேண்டும். பாவையின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பிறவிப் புரையாக இருக்கலாம், உயிருக்கே உலைவைக்கும் கட்டியாகவும் இருக்கலாம். அந்தி மங்கியதும் குழந்தை தடுமாறினால் வைட்டமின் ‘ஏ’ குறைவால் வரும் மாலைக்கண். ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது முடிய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அங்கன்வாடியிலும் சுகாதார நிலையத்திலும் கொடுக்கும் மருந்தைத் தவறவிடலாகாது. முருங்கைக்கீரை நம் கொல்லையிலேயே இருக்கிறது.

இவ்வளவுக்கும் சங்கம் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனால் செய்யக்கூடியது. கூலி பட்டுவாடா நாளில் எல்லோரும் சங்கக் கட்டடத்துக்கு வருகிறார்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் அழைத்து வரச் சொல்லலாம். ஹெர்மன் ஸ்னெல்லன் என்னும் டச்சு வைத்தியர் 1862-இல் வகுத்த எழுத்து அட்டையே இன்றும் உலகெங்கும் பார்வையை அளக்கப் பயன்படுகிறது. எழுத்தறியாதவருக்கும் சிறுவருக்கும் மூன்று கால்களும் நான்கு திசைகளில் திரும்பியிருக்கும் ‘ஈ’ எழுத்து அட்டை உண்டு. கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும். நல்ல கண் 60 மீட்டரிலிருந்து பார்க்கும் எழுத்தை 6 மீட்டரிலிருந்துதான் பார்க்க முடிந்தால், அதை 6/60 என்று குறிப்பார்கள். அட்டையை வெளிச்சமுள்ள சுவரில் மாட்டி, அதற்கு நேரே 6 மீட்டரில், அதாவது இருபது அடியில், தரையில் சுண்ணாம்புக் கோடு ஒன்று போட்டு வைக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாகச் சோதித்து, தவறுகிறவர்களின் பெயரைக் குறித்து, அடுத்த முகாமுக்கோ வட்டத் தலைநகர் ஆஸ்பத்திரிக்கோ சேர்ந்தாற்போல் அனுப்பலாம். எங்கள் சங்கத்தில் துணி அடுக்கும் கூடத்தின் கிழக்குச் சுவரில் அட்டை மாட்டியாகிவிட்டது. பக்கத்து ஆணியில் தறித் தூரம் அளப்பதற்கு ஒரு கட்டு நூலும் தொங்குகிறது.